அமெரிக்காவும் துப்பாக்கியும்: சண்டை உண்மையில் எதைப் பற்றியது?

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். இத்தனை குழந்தைகள் செத்த பிறகும் துப்பாக்கியைத் தடை செய்ய அந்த நாட்டுக்கு என்ன தயக்கம்? நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் அந்த விவாதம் நமக்குப் பிடிபடவே படாது. மொத்தமாகத் தடை செய்ய வேண்டும் என்று அங்கே வாதாடுபவர்கள் மிகக் குறைவு. யார் வாங்கலாம், எந்த வகையை வாங்கலாம், வாங்கும் முன் என்ன சோதனை, தெருவில் எடுத்துப் போகலாமா, வீட்டில் பூட்டி வைக்க வேண்டுமா என்பதில்தான் அடிதடி.

அளவைச் சொல்லிவிட்டால் ஏன் இப்படி என்பது கொஞ்சம் விளங்கும். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. நூறு பேருக்கு 120. அதாவது ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். ஆனால் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் வயது வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர்தான். ஒருவரிடமே பல இருக்கின்றன. துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வாழும் அமெரிக்கர்களும் ஏராளம். இந்த இரண்டு கூட்டமும் ஒரே சட்டத்தின் கீழ் வாழ வேண்டியிருக்கிறது.

1791இல் எழுதிய ஒரு வாக்கியம்

எல்லாம் தொடங்குவது அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தில். 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த ஒற்றை வாக்கியத்தின் சாரம் இது: ஒழுங்காகப் பயிற்றப்பட்ட குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம் என்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படக் கூடாது.

குடிப்படை என்பது சம்பளப் பட்டாளம் அல்ல. விவசாயியும் கொல்லனும் கடைக்காரரும் ஆபத்து வந்தால் தங்கள் சொந்தத் துப்பாக்கியோடு திரளும் ஏற்பாடு. இதை எழுதியவர்களுக்கு நிரந்தர ராணுவம் என்றாலே பயம். காரணம் அவர்கள் கண்ணால் கண்டது. 1775 ஏப்ரல் 19 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாஸ்டனிலிருந்து கிளம்பி, கான்கார்டு என்ற ஊரில் குடியேறிகள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்றப் போனார்கள். வழியில் லெக்சிங்டனில் குடிப்படை எதிரே நின்றது. விடுதலைப் போரின் முதல் குண்டுகள் அங்கேதான் வெடித்தன. அரசாங்கம் மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்க வருவது என்பது அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய தேசம் பிறந்த கதையின் முதல் காட்சி. இதை மறந்துவிட்டு அவர்களோடு பேச முடியாது.

வாக்கியத்தின் முதல் பாதியைப் பிடித்துக்கொள்பவர்கள், இது குடிப்படைக்காகக் கொடுத்த உரிமை, குடிப்படை போய் வெகுகாலம் ஆகிறது, ஆகவே தனி மனிதரின் துப்பாக்கியை அரசு தாராளமாக ஒழுங்குபடுத்தலாம் என்கிறார்கள். இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்பவர்கள், உரிமை மக்களுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, முதல் பாதி காரணத்தைச் சொல்கிறதே தவிர எல்லை போடவில்லை என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீதிமன்றங்கள் முதல் கருத்தின் பக்கமே சாய்ந்திருந்தன. 1939இல் மில்லர் வழக்கில் குழல் வெட்டிய ஷாட்கன்னுக்கும் குடிப்படைக்கும் சம்பந்தம் இருப்பதாகக் காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்தே பல பத்தாண்டுகள் ஓடின.

திருப்பம் வந்தது 2008இல். தலைநகர் வாஷிங்டனில் 1970களிலிருந்து கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய முழுத் தடை இருந்தது. அங்கே காவலர் வேலை பார்த்த டிக் ஹெல்லர், பணியில் துப்பாக்கி ஏந்துகிற நான் என் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று வழக்குப் போட்டார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதரின் உரிமை. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியா அதே தீர்ப்பில் இன்னொன்றும் எழுதினார். இந்த உரிமை வரம்பற்றது அல்ல. கடுங்குற்றம் செய்தவர்களிடமும் மனநலம் குன்றியவர்களிடமும் துப்பாக்கி போகாமல் தடுக்கும் சட்டங்களும், பள்ளி, அரசுக் கட்டடம் போன்ற இடங்களுக்குள் கொண்டுபோகத் தடை விதிக்கும் சட்டங்களும் செல்லும். இரு தரப்புமே தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2010இல் இதே உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைப் போட்டவர் ஓட்டிஸ் மெக்டொனால்டு, சிகாகோவில் வாழ்ந்த கறுப்பின முதியவர். தன் வட்டாரத்துத் திருட்டுக்கும் கும்பல்களுக்கும் பயந்து கைத்துப்பாக்கி கேட்டவர். துப்பாக்கி உரிமை என்றாலே தொப்பி போட்ட வெள்ளைக்கார வேட்டைக்காரர் என்று படம் வரைந்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்ததும் தென் மாநிலங்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, விடுதலையான கறுப்பின மக்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. நிராயுதபாணியாக்கிவிட்டுத்தான் வெள்ளையர் கும்பல்கள் இரவில் வந்து வீடுகளைக் கொளுத்தின. நூறு ஆண்டு கழித்து, 1967இல், கலிபோர்னியாவில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திக் காவல்துறையைக் கண்காணிக்கத் தொடங்கியதும், பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நடமாடத் தடைச் சட்டம் வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன், பிற்காலத்தில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப் பிள்ளை. கட்டுப்பாடு என்பது யார் மீது பாய்கிறது என்ற கேள்வி அங்கே கற்பனையில் எழுந்தது அல்ல.

2022இல் புரூயன் வழக்கு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட தக்க காரணம் காட்ட வேண்டும் என்று நியூயார்க்கில் நூறு ஆண்டுக்கு மேல் இருந்த விதியை உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அதைவிட முக்கியம் அது வகுத்த அளவுகோல்: ஒரு கட்டுப்பாடு செல்ல வேண்டுமானால் அந்நாட்டு வரலாற்றில் அதைப் போன்ற கட்டுப்பாடு இருந்ததாக அரசு காட்ட வேண்டும். விளைவாக, இன்றைய நீதிபதிகள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். காதலியை அடித்ததால் நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்க அந்தக் காலத்தில் சட்டம் இருந்ததா என்று கீழ் நீதிமன்றம் ஒன்று தேடி, இல்லை என்று சட்டத்தையே ரத்து செய்தது. 2024இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருத்தியது. மற்றவரின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கி வைக்கலாம் என்றது. எனக்கு இந்த வரலாற்று அளவுகோல் ஏற்புடையதாக இல்லை. பெண்ணுக்கு வாக்கே இல்லாத காலத்தில் பெண்ணைக் காக்கும் சட்டத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

கடையில் என்ன நடக்கிறது

தீர்ப்புகளை விட்டு இறங்கி, ஒருவர் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் பாதி விவாதம் புரிந்துவிடும்.

உரிமம் பெற்ற கடை என்றால் வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறை தரக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரா, போதைப் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவரா என்றெல்லாம் கேட்கும். பிறகு எஃப்பிஐ நடத்தும் கணினித் தொகுப்பில் பெயரைச் சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிட வேலை. இந்தச் சோதனையைக் கொண்டுவந்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிரேடி சட்டம் என்று பெயர். 1981இல் அப்போது அதிபராக இருந்த ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்து வாழ்நாள் முழுக்க முடங்கிய அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

இதில் இரண்டு ஓட்டைகள். உரிமம் பெற்ற வியாபாரிதான் சோதனை நடத்தக் கடமைப்பட்டவர். தன் பழைய துப்பாக்கியை எப்போதாவது விற்கும் தனி நபருக்கு மத்தியச் சட்டப்படி அந்தக் கடமை இல்லை. சில மாநிலங்கள் தாங்களாகச் சட்டம் போட்டு இதை அடைத்திருக்கின்றன, பல மாநிலங்கள் அடைக்கவில்லை. இரண்டாவது, மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றவன் கையில் இருந்த துப்பாக்கி அப்படி வந்ததுதான். சோதனை ஒழுங்காக முடிந்திருந்தால் அவனுக்கு விற்றிருக்க மாட்டார்கள் என்று எஃப்பிஐயே ஒப்புக்கொண்டது.

இன்னொன்று நம்மை அதிர வைக்கும். எந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்று நாடு தழுவிய பதிவேடு அமெரிக்காவில் கிடையாது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒன்றை உருவாக்கவே தடை போட்டிருக்கிறது. பதிவேடு இருந்தால் நாளைக்குப் பறிமுதல் செய்ய வசதியாகப் போய்விடும் என்ற பயம். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணைத் தேட, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள அரசு மையம் தயாரிப்பாளரிடமும் வியாபாரியிடமும் கேட்டுக் கேட்டுப் போக வேண்டும். மூடிப்போன கடைகளின் காகிதங்கள் அங்கே வந்து குவிகின்றன. அவற்றைப் பெயர் போட்டுத் தேடும்படி கணினியில் வைக்கக் கூடாது என்பதால் ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள்.

இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதம். கலிபோர்னியாவில் வாங்கிய துப்பாக்கி கைக்கு வரப் பத்து நாள் பொறுக்க வேண்டும். டெக்சாஸில் 2021 முதல் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். மாநில எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை. சிகாகோவில் இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் இத்தனை கொலையா என்று கேட்பவர்கள் உண்டு; அங்கே போலீஸ் கைப்பற்றும் துப்பாக்கிகளில் கணிசமானவை பக்கத்து மாநிலமான இண்டியானாவில் வாங்கியவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்தச் சாவைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். கொலையானவர்கள் ஏறக்குறைய 21,000. தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,000க்கும் மேல். பாதிக்கு மேற்பட்டவர்களைச் சுட்டது அவர்களுடைய கையே. கிராமப்புறத்து நடுவயது, முதிய ஆண்கள் இதில் அதிகம். கேமராக்கள் அங்கே போவதில்லை. செய்தியில் வரும் கூட்டக் கொலைகளில் சாகிறவர்கள் மொத்தக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. அதேபோல ராணுவத் துப்பாக்கியின் சாயலில் பொதுமக்களுக்கு விற்கும் ஏஆர்-15 வகை ரைஃபிள்தான் விவாதத்தில் பேயாக நிற்கிறது. ஆனால் கொலைகளில் பெரும்பான்மை சாதாரணக் கைத்துப்பாக்கியால் நடக்கிறது.

தற்கொலையில் துப்பாக்கியின் கொடுமை, அது திரும்பி வர விடுவதில்லை. வேறு பல வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதும் இல்லை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இறந்துவிடுகிறார்கள். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பலருக்குக் குறுகியது. அந்த நேரத்துக்கும் தோட்டாவுக்கும் இடையே ஒரு பூட்டோ, சில நாள் தாமதமோ இருந்தால் ஓர் உயிர் நிற்கும். கூட்டக் கொலைகளை மனத்தில் வைத்து எழுதப்படும் சட்டங்கள் இந்த மனிதர்களைத் தொடுவதே இல்லை. விவாதத்தின் பெரிய குறையாக நான் பார்ப்பது இதைத்தான்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கடுமை. 2020 முதல் ஒரு வயதிலிருந்து பதின்பருவம் வரை உள்ள அமெரிக்கப் பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. அதுவரை முதலிடத்தில் இருந்தது சாலை விபத்து. குழந்தை கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டு வைக்கும் பெரியவரைத் தண்டிக்கும் சட்டங்கள் இளையோரின் தற்கொலையையும் தற்செயல் காயங்களையும் குறைக்கின்றன என்பதற்கு நல்ல சான்று இருப்பதாக, இருக்கும் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துச் சீர்தூக்கிய ராண்ட் நிறுவனம் சொல்கிறது. தாக்குதல் ரக ரைஃபிள் தடை கூட்டக் கொலையைக் குறைத்ததா என்பதில் அவ்வளவு உறுதியான முடிவு கிடைக்கவில்லை. 1994இல் வந்த அப்படியொரு தடை பத்து ஆண்டுக்கு மட்டும் என்று எழுதப்பட்டு 2004இல் காலாவதியானது. தெளிவான பலன் தெரிகிற சட்டத்துக்கு மேடையில் குரல் குறைவு என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆய்வே நடக்காமல் போனதும் ஒரு கதை. 1996இல் நாடாளுமன்றம், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தது. ஆய்வு கூடாது என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் பயத்தில் இருபது ஆண்டுக்கு மேல் அந்த அமைப்பு இந்தப் பக்கமே வரவில்லை. 2019 முடியும்போதுதான் மீண்டும் பணம் ஒதுக்கினார்கள்.

உரிமை கேட்பவர்களின் வாதம்

அவர்களை முரடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வயோமிங், மொன்டானா போன்ற மாநிலங்களில் பண்ணை வீட்டிலிருந்து 911 அழைத்தால் போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகும். அதுவரை தன்னைத் தான்தான் காத்துக்கொள்ள வேண்டும். வந்தாலும் காப்பாற்றக் கடமை உண்டா? 2005இல் கொலராடோவின் காசில் ராக் நகர வழக்கு. விலகியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டிருந்த கணவன் மூன்று மகள்களையும் கடத்திக்கொண்டு போனான். தாய் திரும்பத் திரும்பக் கெஞ்சியும் போலீஸ் அசையவில்லை. மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்த ஆணையைச் செயல்படுத்தும்படி போலீஸிடம் கேட்க அந்தத் தாய்க்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைப் படித்துவிட்டு, நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அவரிடம் என்ன பதில் சொல்வது?

தற்காப்புக்காக ஆண்டுக்கு எத்தனை முறை துப்பாக்கி பயன்படுகிறது என்பதில் மட்டும் யாருடைய எண்ணையும் நம்பாதீர்கள். கேட்கும் முறையைப் பொறுத்து, ஒரு லட்சத்துக்கும் கீழிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேல் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. வீட்டில் துப்பாக்கி இருப்பது அந்த வீட்டாரின் தற்கொலை ஆபத்தைக் கூட்டுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. காவலுக்கு வாங்கியது வீட்டிலுள்ளவரையே தின்கிறது என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வேண்டும், அவருடைய பயத்தை மதித்துக்கொண்டே.

துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் என்ஆர்ஏ என்ற தேசிய ரைஃபிள் சங்கம் பற்றி ஒரு சொல். 1871இல் குறிபார்த்துச் சுடப் பயிற்சி தருவதற்காகத் தொடங்கிய சங்கம் அது. 1934இல் மெஷின் கன்னுக்கு வரி போட்டபோது அதன் தலைவரே, எல்லோரும் துப்பாக்கியோடு திரிவதில் தனக்கு உடன்பாடில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் சொன்னார். 1977இல் சின்சினாட்டியில் கூடிய கூட்டத்தில் கடும்போக்கு உறுப்பினர்கள் நிர்வாகத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் இன்று நாம் அறிந்த அரசியல் சக்தியாக அது மாறியது.

ஏன் சட்டம் நகர்வதில்லை?

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் இருபது பேரும் பெரியவர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா நான்கு மாதத்தில் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. பெரும்பான்மை இருந்தும் தோற்றது, ஏனென்றால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக அங்கே 60 வேண்டும். மக்கள்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர். துப்பாக்கி வழக்கம் ஊறிய சிறிய மாநிலங்களுக்கு அங்கே எடை அதிகம். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த மாதமே இரு கட்சியும் சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேற்றின. ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குப் பிறகு வந்த முதல் குறிப்பிடத்தக்க மத்தியச் சட்டம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வாங்கும்போது சிறுவயதுப் பதிவுகளையும் பார்க்கச் சொன்னது. ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணையோடு தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கி வைக்கும் மாநிலச் சட்டங்களுக்குப் பணம் கொடுத்தது.

ஆஸ்திரேலியா செய்யவில்லையா என்ற கேள்வி வரும். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் சில வாரங்களிலேயே சட்டத்தை மாற்ற முடிவெடுத்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. அங்கே அரசியலமைப்பில் துப்பாக்கி உரிமை கிடையாது. அமெரிக்காவில் அதே விகிதத்தில் வாங்குவதென்றால் கோடிக்கணக்கில் வாங்க வேண்டும், பதிவேடு இல்லாமல். அந்த வழியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது.

அங்கே வாழும் நம்மவர்களுக்கு

மாணவர் விசாவிலோ எச்-1பி விசாவிலோ இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். மாநிலம் தரும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்ப்பதும் இந்தக் குற்றத்தில் அடங்கும், கவனம். கிரீன் கார்டு வந்துவிட்டால் குடிமக்களைப் போலவே வாங்கலாம்.

பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அங்கே குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்வி இது, யாரும் தப்பாக நினைப்பதில்லை. உங்களிடமே இருந்தால் தோட்டாவை வேறாக, துப்பாக்கியை வேறாக, இரண்டையும் பூட்டி வையுங்கள். 2021இல் மிச்சிகனின் ஆக்ஸ்போர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற சிறுவனின் தாயும் தந்தையும் 2024இல் ஆட்கொலைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றார்கள். பள்ளிக் கூட்டக் கொலைக்காகப் பெற்றோர் அப்படித் தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் அதுவே முதல் முறை.